கண்ணை மூடிக்கொண்டு செய்த ஜெபங்கள்

அன்புள்ள சுகிர்தம்,

உங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து, பக்கத்து அறையில் நீயும் மாப்பிள்ளையும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிறவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ராஜம் அத்தைக்குத் தெரிந்தால் மைசூர் முழுவதும் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் உன்னிடம் நேரே சொல்ல வேண்டியதை வேறு வழியாகச் சொல்வது எனக்குப் பழகிப்போன காரியம். இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். மத்தியானம் சாப்பிடும்போது நீ இலையிலிருந்து தலை நிமிராமலே, "சனிக்கிழமை காலையில புறப்படறதுக்கு முன்னாடி நீங்கதான் ஜெபம் பண்ணணும்ப்பா" என்றாய். நான் "சரிம்மா" என்றேன். அதற்கப்புறம் ரசம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. என் ஜெபத்துக்கு ஆமென் சொல்வதை நீ நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன. நான் அதைக் கேட்டதில்லை, நீ அதைப் பற்றிப் பேசியதில்லை. இப்போது திருநெல்வேலிப் பக்கம், காது கேளாத பிள்ளைகளுக்கான பெரிய பள்ளிக்கூடத்தில் வேலை ஏற்றுக்கொண்டு இந்த ஊரை விட்டே போகிற நேரத்தில், நீயாகவே கேட்கிறாய். என்ன சொல்லி ஜெபிப்பது? அறைக்கு வந்து மேஜைமுன் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். மராமத்து இலாகாவில் காவேரி வாய்க்கால்களின் வரைபடம் போட்டே காலம் கழித்தவன் நான். முதலில் பென்சிலில் போடுவேன், அழிப்பேன், மறுபடி போடுவேன், மேலதிகாரி பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மை தொடுவேன். ஜெபத்தையும் அப்படியே பென்சிலில் போட்டேன். போட்டதையெல்லாம் அழித்தாயிற்று. தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

நம் வீட்டுக் குடும்ப ஜெபம் உனக்குத் தெரியாததல்ல. விளக்கேற்றும் நேரத்துக்குப் பாயை விரித்து எல்லாரும் உட்கார வேண்டும். ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், பிறகு என் ஜெபம். உன் அம்மா உயிரோடு இருந்தவரையில் அவளும் நானும் முறைவைத்து ஜெபித்தோம். அவள் ஜெபம் அடுப்படியில் யாரோடோ பேசுவதுபோல இருக்கும். பாதியில் நிறுத்தி "பாலைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று எழுந்துகூடப் போவாள். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோதே அவள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்புறம் என் ஜெபம் மட்டும்தான். எனக்கு ஒரு வரிசை உண்டு: மகாராஜா, திவான், பாதிரியார், சபையின் வியாதியஸ்தர்கள், மழை, பயிர், கடைசியில் வீட்டார். அத்தை ஒரு தடவை, "அண்ணா ஜெபம் பண்ணினா கர்த்தர் கையெழுத்துப் போட்டு பைலைத் திருப்பி அனுப்பணும்போல இருக்கு" என்றாள். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். எனக்கும் சிரிப்புத்தான். ஆனாலும் வரிசையை மாற்றவில்லை. வரிசை மாறினால் ஏதோ விட்டுப்போகும் என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

உனக்குக் கல்யாணமாகி, நீயும் மாப்பிள்ளையும் இதே ஊரில் தனிக்குடித்தனம் வைத்து, ஞாயிறு சாயந்திரம் தவறாமல் இங்கே வந்துகொண்டிருந்தீர்கள். அப்போதுதான் வரிசையின் கடைசியில் ஒரு வரி சேர்ந்தது. 'என் மகளின் மடியை நிரப்பும், ஆண்டவரே.' முதல் தடவை சொன்னபோது நீ வெட்கப்பட்டாய் என்று நினைத்தேன். அடுத்த வருஷமும் அதே வரி, அதற்கடுத்த வருஷமும் அதே வரி. உன்னிடம் நான் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை. தாயில்லாத பெண்ணிடம் தகப்பன் எப்படிக் கேட்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன்னிடம் பேச வராத வாய், நீ எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது கர்த்தரிடம் மட்டும் தாராளமாகப் பேசியது.

பெங்களூரில் அந்த லேடி டாக்டரிடம் நீங்கள் போய்விட்டு வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. மழை பிடித்துக்கொண்டது. நான் குடையோடு ஸ்டேஷனுக்கு வந்து காத்திருந்தேன். வண்டியிலிருந்து இறங்கிய உன் முகத்தைப் பார்த்ததுமே நல்ல செய்தி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை பெட்டியை எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நீ என் எதிரே நின்றாய். நான் ஏதாவது கேட்பேன் என்று நீ காத்திருந்தாய். கேட்டிருந்தால் அந்தக் குடைக்குள்ளேயே அழுது தீர்த்திருப்பாய். நான் கேட்டது, "வண்டியில உட்கார இடம் கிடைச்சுதாம்மா?"

"கிடைச்சுதுப்பா. ஜன்னல் ஓரம்."

அவ்வளவுதான் நாம் பேசியது. ஜட்காக்காரன் "பன்னி சுவாமி, பன்னி" என்று, வாருங்கள் என்பதைக் கன்னடத்தில் சொல்லிக் கூப்பிட்டான், ஏறிக்கொண்டோம். அன்று சாயந்திரம் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, வழக்கத்தைவிட அதிக நேரம், வழக்கத்தைவிட அதிக உருக்கமாக, உன் மடியை நிரப்பும்படி கேட்டேன். என் குரல்கூட நடுங்கியது. நல்ல ஜெபம் செய்தோம் என்று எனக்குள் ஒரு திருப்தி இருந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். டாக்டரம்மா இனி நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பது வெகு நாள் கழித்து மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரியாமல் கேட்டேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதுமாயிருந்தது.

அத்தையின் பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்த ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள். விருந்துக்குப் பின் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். குழந்தைக்காக ஜெபித்தேன், பெற்றவர்களுக்காக ஜெபித்தேன், அந்த வேகத்தில் உன் வரியையும் சொன்னேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். கூடத்தில் அத்தனை ஆமென்களுக்கு நடுவே ஒன்று குறைந்தது எப்படித் தெரிந்ததோ, அத்தைக்குத் தெரிந்துவிட்டது. "ஏண்டி, ஆமென்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்றாள். அவள் கெட்டவள் அல்ல, வாய்தான் அப்படி. நீ குழந்தையை அவள் மடியில் பதனமாகக் கொடுத்துவிட்டு, "வலிக்குது அத்தை" என்றாய். பிறகு எல்லாருக்கும் காப்பி கலக்க உள்ளே போய்விட்டாய். காப்பி எப்போதும்போல நன்றாக இருந்தது. எல்லாரும் அதைச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை மட்டும் வந்தார். "அவளுக்குத் தலைவலி மாமா" என்பார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், அதைத் தரையைப் பார்த்துச் சொல்வார். உங்கள் வீடு அக்ரகாரத்தைத் தாண்டி ஒரு திருப்பம்தான். நான் நடந்தே வந்திருக்கலாம். இரண்டு மூன்று தடவை புறப்பட்டு, மார்க்கெட் மணிக்கூண்டுவரை வந்து, என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே வெற்றிலைக்காரர்களின் வரிசையைச் சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கடைசியில் நான் செய்தது என்னவென்றால், பாதிரியாரை உன்னிடம் அனுப்பினேன். மகளின் விசுவாசம் தளர்ந்துவிட்டது, அய்யா வந்து புத்தி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஆமென் சொல்லாதவள் ஆண்டவரை விட்டுவிட்டாள் என்றுதான் என் படித்த மூளைக்குத் தோன்றியது.

பாதிரியார் திரும்பி வந்து, நாற்காலியில் உட்காராமலே விஷயத்தைச் சொன்னார். நீ அவருக்கு மோர் கொடுத்து, அவர் சொன்ன புத்தியெல்லாம் கேட்டுவிட்டு, "அய்யா, நான் கர்த்தரை விடலை. அப்பாவோட ஜெபத்தைத்தான் விட்டேன்" என்று சொன்னாயாம். அதோடு ஒரு கேள்வியும் கேட்டாயாம். வேதத்தில் பிள்ளையில்லாத நல்ல ஸ்திரீகளுக்கெல்லாம் கடைசியில் ஒரு பிள்ளை பிறந்துவிடுகிறதே, கடைசிவரை பிறக்காமலே போன ஒருத்தியைக் கர்த்தர் அன்பாக நடத்தினார் என்று ஒரு இடம் காட்டுங்கள், அதை நான் படித்துக்கொள்கிறேன் என்றாயாம். பாதிரியாருக்கு உடனே பதில் வரவில்லை. யோக்கியமான மனுஷர், வரவில்லை என்பதை ஒத்துக்கொண்டார். நான்தான் ஒழுங்குக்காரன் ஆயிற்றே, அன்றிலிருந்து முதல் புத்தகத்தில் தொடங்கி வரிசையாகத் தேடினேன். கடைசிவரை பிள்ளையில்லாமல் இருந்தாள் என்று எழுதியிருக்கும் ஒருத்தியைக் கண்டேன். அங்கே அது ஒரு தண்டனைபோலச் சொல்லப்பட்டிருந்தது. அதை உன்னிடம் காட்ட எனக்குத் தைரியமில்லை. நீ முன்னமே அதைப் படித்திருந்தாய் என்று இப்போது நினைக்கிறேன்.

பதில் சொல்ல முடியாத கூச்சத்தில்தான் பாதிரியார் அன்று உன்னிடம் பேச்சை மாற்றி, காது கேளாத பிள்ளைகளுக்கென்று மிஷன் அம்மாமார் நடத்தும் சின்னப் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று சொல்லிவைத்தார். நீ அடுத்த வாரமே போனாய். தையலில் ஆரம்பித்துப் பேச்சு சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தாய். "ஊமைப் பள்ளிக்கூடத்துல உனக்கென்னடி வேலை?" என்று அத்தை கேட்டதற்கு, "அங்கே யாரும் 'விசேஷம் உண்டா'ன்னு கேக்கறதில்ல அத்தை" என்றாய். நீ மறுபடி ஞாயிறு சாயந்திரங்களில் வரத் தொடங்கினாய், முகத்தில் ஒரு தெளிவோடு. பாடினாய், வேதம் வாசித்தாய். என் ஜெபம் முடியும்போது மட்டும் சும்மா இருந்தாய். அந்தப் பழைய வரியை நான் விட்டுவிட்டேன். ஆனால் அந்த இடத்தைக் காலியாக விட எனக்குத் தெரியவில்லை. 'பிள்ளை இல்லாத குறையை இத்தனை பிள்ளைகளால் தீர்த்துவைத்தீரே, ஸ்தோத்திரம்' என்று புதிதாக ஒன்றைப் போட்டேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே நீ சொன்னாய், என்னைப் பார்க்காமல், குரலை உயர்த்தாமல். "தீரலப்பா. அதுக்குப் பதில் இது இல்ல. அந்த இடம் அப்படியே காலியாத்தான் இருக்கு. காலைல எழுந்தா முதல்ல அதுதான் ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்துக்குப் போற வழியெல்லாம் அதைத்தான் கர்த்தர்கிட்ட சொல்லிக்கிட்டுப் போவேன். உள்ள போனதும் புட்டம்மா ஓடி வந்து என் கையை இழுப்பா. காலியா இருக்கிற மனசோடயே இந்த வேலையைச் செய்ய முடியுது, நல்லாவே செய்ய முடியுதுன்னு தெரிஞ்சப்பதான் அவர் என்னை விடலைன்னு தெரிஞ்சுது. அந்தக் குறையை யாரும் தீர்த்து வைக்க வேண்டாம்ப்பா. கூட இருந்தாப் போதும்." நான் துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு, "புட்டம்மா யாரு?" என்று கேட்டேன். நம் இருவருக்கும் நடுவில் நான் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். நீ ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, "வந்து பாருங்க" என்றாய்.

வந்து பார்த்தேன். புட்டம்மா நஞ்சன்கூடு பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். பிறவியிலேயே காது கேளாதவள், மூக்குத்தியும் எண்ணெய் வழியும் இரட்டைப் பின்னலுமாக இருந்தாள். நீ அவள் கையை எடுத்து உன் தொண்டையில் வைத்துக்கொண்டாய். உன் வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்து, 'ப' என்றாய், காகிதம் ஆடியது. அவள் தன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டாள், ஆடவில்லை. மறுபடி, மறுபடி. நானானால் அத்தனை தோல்விக்கு அழுதிருப்பேன். நீங்கள் இரண்டுபேரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். காகிதம் கடைசியில் ஆடியபோது அவள் அந்தத் துண்டைக் கொண்டுவந்து என் மூக்குக்கு எதிரே பிடித்து இன்னொரு தடவை ஆட்டிக் காட்டினாள். உன் முகத்தை அப்போது பார்த்தேன். துக்கம் போய்விட்ட முகம் அல்ல அது. துக்கத்தை உட்கார வைத்துவிட்டு எழுந்து வந்து வேலை பார்க்கிற முகம்.

பிறகு சாப்பாட்டு மணி. மணி என்றால் விளக்கை அணைத்து ஏற்றிக் காட்டுவதுதான். பிள்ளைகள் தட்டுகளுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். நீ ஜெபம் செய்தாய், உதட்டாலும் கையாலும். நான் பழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. ஜெபம் தொடங்கியதா முடிந்ததா என்று தெரியாமல் கண்ணைத் திறந்தேன். ஒரு பிள்ளைகூடக் கண்ணை மூடியிருக்கவில்லை. எல்லாக் கண்களும் உன் முகத்தின்மேல் இருந்தன. நீயும் அவர்களைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தாய். புட்டம்மா என்னைக் கவனித்துவிட்டாள். இந்தக் கிழவர் ஜெப நேரத்தில் தூங்கிவிட்டார் என்று கன்னத்தில் கைவைத்துப் பக்கத்துப் பெண்ணுக்குக் காட்டினாள். இரண்டும் சிரித்தன. வெளியே வரும்போது நீ சொன்னாய்: "கண்ணை மூடிட்டா இவங்களுக்கு ஜெபமே கிடையாதுப்பா. நான் என்ன கேக்கறேன்னு தெரியாமப் போயிடும்."

சுகிர்தம், அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். வாழ்நாள் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டே ஜெபித்திருக்கிறேன். அதுதான் பக்தி என்று சொல்லிக்கொடுத்தார்கள், நானும் உனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், கண் திறந்தால் குட்டினேன்கூட. அந்த வரியை எத்தனை ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்திருந்தால் எதிரே உன் முகம் இருந்திருக்கும். என் மகள் முகத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே அந்த வரியைச் சொல்ல எந்தத் தகப்பனாலும் முடிந்திராது. எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நான் பார்க்கவில்லை என்பதுதான். பக்தியும் என் கோழைத்தனமும் ஒரே இமைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தன. எது எவ்வளவு என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

புத்தி சொல்வது தகப்பன் கடிதத்துக்கு வழக்கம். எனக்கு அந்த உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. இருந்தாலும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். போகிற ஊரிலும் உன்னை "குழந்தைகள் எத்தனை?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் உனக்காக ஜெபிக்கிறேன் என்பார்கள். அன்பினால்தான் சொல்வார்கள், நானும் அன்பினால்தான் சொன்னேன். அவர்களுக்கு ஆமென் சொல்ல வேண்டும் என்று உனக்குக் கட்டாயம் இல்லை. சொல்லாததற்காக உன் விசுவாசத்தை நீ சந்தேகப்படவும் வேண்டாம். நீ சும்மா இருந்த அந்த வருஷங்களில் இந்த வீட்டில் உண்மையாக ஜெபித்தவள் நீதான்.

நீ கேட்டபடி, நீ போன பிறகும் வியாழக்கிழமைகளில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாட அட்டைகளுக்குப் படம் வரைந்து கொடுப்பேன். போன வாரம் வரைந்த குடையை எல்லாருக்கும் பிடித்தது. மாட்டைத்தான் புட்டம்மா ஆடு என்று சாதித்தாள். வாய்க்கால் வரைந்த கைக்கு மாட்டின் வயிறு வளையவில்லை. நீ எங்கே என்று அவள் கேட்டால் ரயிலுக்கு என்ன சைகை என்பதை மட்டும் புறப்படுவதற்கு முன் எனக்கு இன்னொரு தடவை காட்டிவிட்டுப் போ. சபைப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதித் தரும்படி பாதிரியார் வெகு நாளாகக் கேட்கிறார். என் ஜெபங்களை ஊரே கேட்டிருக்கிறது. என் வருத்தத்தையும் அது கேட்பதுதான் நியாயம் என்று தோன்றுகிறது. இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடலாம். ஆனால் இதில் உன் வாழ்க்கை இருக்கிறது. உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி இனி ஒரு வரியும் நான் சபைக்கு நடுவில் சொல்வதாக இல்லை. படித்துவிட்டு, கொடுக்கலாம் என்றால் நீயே பாதிரியாரிடம் கொடு. வேண்டாம் என்றால் பெட்டியில் துணிகளுக்கு அடியில் போட்டுக்கொண்டு போய்விடு.

இனி சனிக்கிழமை ஜெபத்தின் பேச்சுக்கு வருகிறேன். நான் ஜெபிக்க வேண்டும் என்று நீ கேட்டது என்னை மன்னித்ததால்தான் என்று தெரிந்துகொண்டேன். அதை வாங்கிக்கொள்கிறேன், மகளே. ஆனால் ஜெபத்தை நீ செய். இந்த வீட்டுப் பாயில் ஆண்கள்தான் ஜெபிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை, உன் அம்மா இருந்தவரை அப்படி இருந்ததும் இல்லை. அத்தை வழியனுப்ப வருவாள், ஏதாவது சொல்வாள், சொல்லட்டும். உனக்கு எது வேண்டுமோ அதை நீயே கேள். எதுவும் கேட்கத் தோன்றவில்லையென்றால் சும்மா இரு. நான் உன் எதிரே உட்கார்ந்து, கண்ணைத் திறந்துகொண்டு, உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீ முடித்ததும், மாப்பிள்ளைக்கும் அத்தைக்கும் முந்தி, நான் ஆமென் சொல்கிறேன்.

உன் அன்புள்ள,
அப்பா